எழுவாய் இல்லாத வாக்கியம்

“பிரசவத்தின் பின் இரத்தப்பெருக்கு ஏற்பட்ட தாய்க்கு முதலுதவி வழங்கப்பட்டு, உரிய நேரத்தில் வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டார். தாயும் சேயும் நலம்.”

1989 தை மாதம் நான் எழுதிக் கொடுத்த அறிக்கையில் இருந்த வரிகள் இவை. கார்பன் தாளில் பதிந்த பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரைகளிலும் முப்பத்தைந்து வருடம் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்தேன். முன்பு அந்தப் பதவிக்கு மருத்துவமாது என்று பெயர். ஊர்ச் சனத்துக்கு நாங்கள் ‘மிட்வைப் மிஸ்’. எத்தனையோ பதிவேடு எழுதினேன், எத்தனையோ படிவம் நிரப்பினேன். இந்த இரண்டு வரியைப்போல எதுவும் என்னைப் பிற்காலத்தில் உறுத்தியதில்லை. இதில் பொய் ஒன்றும் இல்லை. முதலுதவி வழங்கப்பட்டது உண்மை, அனுப்பப்பட்டதும் உண்மை. வழங்கியது யார், அனுப்பியது யார் என்று கேட்டால்தான் வாக்கியம் வாய் திறக்காது.

அந்த இரவைச் சொல்லவேண்டும்.

வாவிக்கு மேற்கே கிடப்பது படுவான்கரை, சூரியன் படுகிற கரை. கிழக்கே கடலை ஒட்டிக் கிடப்பது எழுவான்கரை. நெல்லும் தயிரும் படுவான்கரையில். பெரியாஸ்பத்திரியும் கச்சேரியும் எழுவான்கரையில். 1986இல் பதினெட்டு மாதப் பயிற்சி முடித்து வந்த எனக்குக் கொக்கட்டிச்சோலைக்கு மேற்கே வயல்வட்டைகளுக்கு நடுவில் ஒரு பிரிவு தந்தார்கள். ஒரு சைக்கிள், ஒரு பை, ஒரு தராசு. வாவி என்று இப்போது எழுதுகிறேன், அந்தச் சனத்தின் வாயில் அது ‘ஆறு’தான். ஆற்றைக் கடக்க மண்முனைத் துறையில் பாதை ஓடும். எங்கள் பக்கத்தில் பாதை என்றால் ஆளையும் வண்டியையும் ஏற்றிக் கடத்தும் மிதவை. இருட்டினால் பாதை நின்றுவிடும். பிறகு தோணி ஒன்றுதான் கதி.

அது 1988 மார்கழி. ஒரு கிழமையாக விடாத மழை. வயல் எது, வாய்க்கால் எது என்று தெரியாமல் வெள்ளம் கிடந்தது. இரவு ஒன்பது மணிபோல ஒரு பொடியன் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து என் கதவைத் தட்டினான். அவன் மனைவிக்குப் பிள்ளை பிறந்துவிட்டது, இளங்கொடியும் விழுந்துவிட்டது, இரத்தம் மட்டும் நிற்கவில்லை என்றான்.

பிள்ளையை எடுத்தது அந்த ஊரின் மருத்துவிச்சி. எழுபது வயதிருக்கும். எல்லாரும் ‘பெத்தா’ என்பார்கள். பாட்டியை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். அந்தப் பெத்தாவோடு எனக்கு நல்ல உறவு இருக்கவில்லை. வேலைக்கு வந்த முதல் வருடமே, கொடி அறுக்கிற பிளேட்டைத் துருப்பிடித்த தகரப் பேணிக்குள் வைத்திருக்கிறார் என்று ஊர்ப் பெண்களுக்கு முன்னால் அவரை ஏசியிருந்தேன். பிளேட்டைப் பற்றி நான் சொன்னது சரி. ஏர்ப்புவலி எத்தனை பச்சைப்பிள்ளைகளைக் கொண்டுபோனது என்று படித்துவிட்டு வந்தவள் நான். அதைச் சொன்ன விதம் சரியில்லை. இருபத்தைந்து வயதுக்காரி எழுபது வயதுக்காரியை ஏசினேன். அவர் திருப்பி ஒன்றும் சொல்லவில்லை. “சரி புள்ள” என்று மட்டும் சொன்னார்.

நான் போய்ச் சேர்ந்தபோது பெத்தா அந்தப் பெண்ணின் அடிவயிற்றைக் கையால் உருட்டிப் பிசைந்துகொண்டிருந்தார். பிள்ளையை முலையில் போட்டிருந்தார். பிள்ளை உறிஞ்சினால் கருப்பை சுருங்கும், சுருங்கினால் வாய் திறந்து கிடக்கிற இரத்தக் குழாய்கள் இறுகும். இதை நான் வகுப்பில் படமாக வரைந்து படித்தேன். அவர் எங்கே படித்தாரோ. என்னிடம் இருந்த ஊசியைப் போட்டேன். கருப்பை இறுகும், பிறகு சோர்ந்துபோகும். கை இருந்தால் கல், கையை எடுத்தால் களி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் விடியாது என்று தெரிந்துவிட்டது.

“நீ ஓடிப்போய்த் தோணியப் பாரு புள்ள. நான் கைய எடுக்கமாட்டன்” என்றார் பெத்தா.

எடுக்கவில்லை. பெரிய வயற்காரரான போடியார் ஒருவர் தன் உழவு மெசினை இறக்கிக் கொடுத்தார். அதன் பெட்டியில் வைக்கோலைப் பரப்பித் தாயைக் கிடத்தினோம். குண்டும் குழியுமான அந்த வீதி முழுக்க, மழையில், பெத்தா முழங்காலில் இருந்தபடி கையை வயிற்றில் ஊன்றியிருந்தார். துறையில் தோணிக்காரர் படுத்துவிட்டார். காய்ச்சல் என்று அவர் மனைவி சொன்னார். அவர் எழும்பி வந்தார். ஆற்றில் இழுவை கடுமை. முகத்துவாரத்தில் ஆத்துவாய் வெட்டிவிட்டிருந்த நேரம், தண்ணீரெல்லாம் கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. கம்பை ஊன்றினால் தோணி நேரே போகாது, சாய்ந்து சாய்ந்து போகும். மட்டக்களப்பைப் பற்றி எழுதுகிற எல்லாரும் பாடும் மீனை எழுதுவார்கள். அந்த ஆற்றை இரவில் எத்தனையோ தடவை கடந்த எனக்கு, அந்த இரவில் கேட்ட தோணிக்காரரின் மூச்சுத்தான் ஞாபகம் நிற்கிறது. காய்ச்சல்காரனின் மூச்சு அது.

அக்கரையில் இராணுவச் சென்றி. ஊரடங்கு நேரம். ரோச் வெளிச்சம் எங்கள் மீது விழுந்தபோது எல்லாரும் கையைத் தூக்கினோம், பெத்தாவைத் தவிர. அவரைப் பார்த்துச் சிப்பாய் கத்தினான். அவர் கையைத் தூக்கவில்லை. அவன் கிட்ட வந்து வெளிச்சத்தைத் தாழ்த்தி இரத்தத்தைப் பார்த்தான். பிறகு ஒன்றும் பேசாமல் போய்க் குறுக்குத் தடியைத் தூக்கிவிட்டான்.

ஆரையம்பதியில் வாகனம் கிடைக்கவில்லை. பக்கத்துக் காத்தான்குடியில் இருந்து வான் ஒன்றை ஒருவர் கொண்டுவந்தார், ஊரடங்கில் வெளிக்கிட்டால் சுடுவார்கள் என்று தெரிந்துகொண்டே. ஆஸ்பத்திரி வாசலில் காசை நீட்டினேன். “இதப் போய் யாவாரமாக்கிராதீங்க தங்கச்சி” என்றுவிட்டு வானைத் திருப்பினார். உள்ளே இரண்டு போத்தல் இரத்தம் ஏற்றினார்கள். யாரோ இரண்டு பேர் எப்போதோ கொடுத்துவிட்டுப் போன இரத்தம். விடியப்புறம் நாலு மணிக்குத் தாய் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். பெத்தாவின் வலது கை விரல்கள் மடங்கியபடியே விறைத்திருந்தன. தாதி ஒருத்தி சுடுதண்ணீர்த் துணியால் ஒத்தி ஒத்தி விரித்துவிட்டாள்.

இவ்வளவையும்தான் ‘வழங்கப்பட்டு, அனுப்பப்பட்டார்’ என்று எழுதினேன்.

அந்த மாத மாநாட்டில் மேலதிகாரி எல்லாருக்கும் முன்னால் என்னைப் பாராட்டினார். கை தட்டினார்கள். நான் சிரித்துக்கொண்டு இருந்தேன். வாக்கியத்தில் எழுவாய் இல்லாத இடத்தில் கையெழுத்துப் போட்டவள் வந்து உட்கார்ந்துவிடுவாள் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. இரவு படுக்க முடியவில்லை. பழைய கொப்பி ஒன்றை எடுத்து, அறிக்கையைத் திரும்ப எழுதினேன். கணவன் தண்ணீரில் நடந்து வந்தான். பெத்தா கையை ஊன்றினார். போடியார் மெசின் தந்தார். தோணிக்காரர் காய்ச்சலோடு எழும்பினார். சிப்பாய் தடியைத் தூக்கினான். வான்காரர் ஊரடங்கில் ஓடினார். தெரியாத இருவர் இரத்தம் கொடுத்தார்கள். தாதி விரலை விரித்தாள். எட்டு வரி, எட்டு எழுவாய்.

சிப்பாயை எழுதும்போது கை தயங்கியது. சென்றிகளில் எங்கள் சனம் பட்டதெல்லாம் எனக்குத் தெரியும். அந்தக் கோபம் இன்றைக்கும் தணியவில்லை. தடியைத் தூக்கிய கையும் மறையவில்லை. இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும் என்று விட்டேன்.

என் நன்றிக் கொப்பி இப்படித்தான் தொடங்கியது. ‘நன்றிக் கொப்பி’ என்று பிற்பாடுதான் பெயர் வந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவருக்கொருவர் ‘நன்றி’ என்று சொல்லும் வழக்கம் கிடையாது. அது மேடைச் சொல், கூட்டம் முடியும்போது செயலாளர் உரைப்பது. வீட்டுக்குள் தாய்க்கு நன்றி சொன்னால் ‘உனக்கு என்ன வந்தது’ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். “நல்லாயிரு மகள்” என்பார்கள், அவ்வளவுதான். அயலில் இருந்து கறிச் சட்டி வந்தால் அதை வெறுஞ்சட்டியாகத் திருப்பி அனுப்பமாட்டார்கள். ஒரு கைப்பிடி அரிசியாவது, இரண்டு முருங்கைக்காயாவது போட்டுத்தான் போகும். தைப்பூசத்தில் புதிர் எடுக்கிறபோது புது நெல்லின் முதல் சோறு சாமிக்கும் மூத்தவர்களுக்கும் போன பிறகுதான் வீட்டார் வாயில் வைப்பார்கள். சொல்லாமல் செய்வதற்கு இத்தனை முறை வைத்திருக்கிற சனம் அது.

திருக்குறளின் பதினோராம் அதிகாரத்துக்கு ஏன் அப்படிப் பெயர் என்று அந்தக் காலத்தில் யோசித்துப் பார்த்தேன். செய்ந்நன்றியறிதல். அங்கே நன்றி என்றால் ஒருவர் செய்த நல்ல காரியம். வாயால் சொல்வதைப் பற்றி அந்தத் தலைப்பில் பேச்சே இல்லை. நல்லது அவர் செய்தது. என் பங்குக்கு விட்டிருப்பது அறிதல் ஒன்றுதான். சமஸ்கிருதத்தில் கிருதஞ்ஞன் என்பார்கள், பாளியில் கதஞ்ஞு. இரண்டும் ‘செய்ததை அறிந்தவன்’ என்ற ஒரே கட்டு. அறியவேண்டுமானால் விவரம் வேண்டும். ‘எல்லாருக்கும் நன்றி’ என்பவருக்கு ஒருவரையும் தெரியாது என்றுதான் எனக்குப் படும்.

ஆகவே கொப்பிக்கு மூன்று கட்டுப்பாடு வைத்தேன். பொதுவாக எழுதக்கூடாது, ஆளும் செயலும் வேண்டும். ‘பட்டது’ என்று முடியும் வினை கூடாது. மூன்றாவது, அந்த ஆளுக்கு அதில் என்ன செலவானது என்று எழுதவேண்டும். மூன்றாவதுதான் கடினம். காய்ச்சலோடு தோணி விட்டவருக்கு அடுத்த நாலு நாள் தொழில் போனது. அதை நான் அவர் வீட்டுக்குப் போய்த்தான் அறிந்தேன். செலவை எழுதத் தொடங்கிய பிறகு, பகலிலேயே கண் அதைத் தேடப் பழகிவிட்டது. கிளினிக்குக்கு வரும் தாய் எத்தனை மணிக்கு எழும்பியிருப்பாள், பிள்ளையை ஆரிடம் விட்டுவிட்டு வந்திருப்பாள், கிளினிக் நடத்த வாசிகசாலையைக் கூட்டி வைத்தது ஆர் என்றெல்லாம் பார்க்கத் தொடங்கினேன். இரவில் எழுதுகிறேன் என்பதற்காகப் பகல் மெதுவாக ஓடியது. மனதை ஒருநிலைப்படுத்து, இந்தக் கணத்தில் இரு என்று இப்போது வகுப்பெடுக்கிறார்கள். எனக்கு அது தராசில் பிள்ளையை நிறுப்பதுபோலத்தான் வந்தது. தொட்டில் ஆடி நிற்கும்வரை முள்ளைப் பார்த்துக்கொண்டு பொறுத்திருக்கவேண்டும். அவசரப்பட்டு வாசித்தால் நிறை பிழைக்கும்.

நான் ஏற்ற வேலையின் பெருமையை நான் மறுக்கவில்லை. இலங்கையில் 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியபோதே மருத்துவமாது வீட்டுக்கு வீடு போகவேண்டும் என்று வகுத்துவிட்டார்கள். ஏறக்குறைய 3,000 பேருக்கு ஒருத்தி. 1930களில் ஒரு லட்சம் பிறப்புக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்த நாடு இது. இன்றைக்கு அந்த எண்ணிக்கை 30 அளவில் நிற்கிறது. உலகத்தில் பெரிய பணக்கார நாடுகள்கூட வந்து கற்றுக்கொண்டு போகவேண்டிய வேலை. ஆனால் அந்த வெற்றியை எழுதுகிற இடமெல்லாம் ‘தாய் மரணம் குறைக்கப்பட்டது’ என்றே படிக்கிறேன். படிக்கும்போதெல்லாம் பெத்தாவின் விறைத்த விரல்கள் கண்ணுக்கு முன்னால் வரும்.

அவரைப் பார்க்கப் போனேன். 1989 மாசி. சீனி, தேயிலை, ஒரு சேலை கொண்டுபோனேன். முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். அன்று ஏசியதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாய் வரவில்லை. அந்த இரவைப் பற்றி மட்டும் பேசினேன். “கை கிடந்துது, வெச்சன்” என்றார். மறுகா, “அந்தப் பொடிச்சி பால் குடுக்காளா?” என்று கேட்டார். பிளேட்டைக் கொதிதண்ணீரில் போட்டு எடுத்து வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருப்பதை உள்ளேயிருந்து எடுத்துவந்து காட்டினார். மூன்று வருடமாக அப்படித்தான் வைத்திருக்கிறாராம். நான் ஏசிய அன்றிலிருந்து. அடுத்த வருடம் ஆனியில் சண்டை வெடித்தது. சனம் காடு மேடெல்லாம் சிதறியது. நான் திரும்பிப் போனபோது பெத்தா இல்லை.

பிறகு என்னை எழுவான்கரைக்கு மாற்றினார்கள். கொப்பி தொடர்ந்தது. நடுவில் அது செத்தும் போனது. தினமும் எழுதியதில் வந்த வினை. ‘அலுவலக உதவியாளர் தேத்தண்ணி தந்தார்’ என்ற வரி ஒரே மாதத்தில் பதினொரு தரம் வந்திருக்கிறது. பதினொரு தரமும் நான் அவர் முகத்தைப் பார்த்திருக்கமாட்டேன். கிழமைக்கு ஒருநாள், ஞாயிறு இரவு மட்டும் எழுதுவது என்று மாற்றினேன். ஒன்றை எழுத அரைமணி நேரம் எடுத்தேன். அப்போது உயிர் வந்தது.

2004 மார்கழி 26, சுனாமி. அதை எங்கள் ஊரில் விவரிக்கத் தேவையில்லை. நாவலடி கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒரு மணல் திட்டு, இரண்டு பக்கமும் தண்ணீர். மாவட்டத்தில் 2,000க்கு மேற்பட்டவர்கள் போனார்கள். பாடசாலை ஒன்றில் இருந்த முகாமில் என்னை விட்டார்கள். கர்ப்பிணிகளைத் தேடிப் பிடித்துப் பதியவேண்டும், பால்கொடுக்கும் தாய்மாரைப் பார்க்கவேண்டும். அங்கே ஒருத்தி, இரண்டு பிள்ளைகளையும் கொடுத்தவள், ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நாள் முழுக்க நிற்பாள். வயிற்றில் நாலு மாதம். நான் பதினைந்து வருடம் நன்றிக் கொப்பி எழுதிய பெருமையோடு போய் அவளிடம் சொன்னேன்: உயிர் தப்பினீங்கள், வயிற்றுப் பிள்ளையும் தப்பிச்சு, அதுக்கு நன்றி சொல்லுங்கோ மகள் என்று.

அவள் திரும்பிப் பார்த்தாள். கோபம்கூட இல்லை.

“ஆருக்கு மிஸ்?”

பதில் சொல்லாமல் நின்றேன். எழுவாய் இல்லாமல் எழுதக்கூடாது என்று எனக்கு நானே சட்டம் வைத்தவள், எழுவாய் இல்லாத நன்றியை அவள் தலையில் வைக்கப் பார்த்தேன். அதற்குப் பிறகு நொந்திருக்கும் ஒருவரிடமும் நன்றியைப் பற்றி வாய் திறந்ததில்லை. அருகில் இருக்கிறேன், நிறுக்கிறேன், இரத்த அழுத்தம் பார்க்கிறேன், சாப்பிட்டாளா என்று கேட்கிறேன். யேசு சபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவை நான் மதிப்பது இதனால்தான். போரில் நொந்த பிள்ளைகளுக்கு அங்கே களிமண்ணும் வர்ணமும் கதையும் விளையாட்டும்தான் கொடுத்தார்கள். எப்படி உணரவேண்டும் என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்தத் தாய்க்குப் பிள்ளை பிறந்து மூன்று மாதமிருக்கும். நிறுக்க வந்தவள், நான் கேட்காமலே சொன்னாள். முகாமில் மூன்றாம் நாள், கடல் மண் அப்பிக் கிடந்த தன் தலையை ஒரு பெண் மடியில் வைத்துச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டாளாம். சாயந்தரம்வரை எடுத்ததாம். “ஆரெண்டு தெரியா மிஸ். அவவும் ஆரையோ குடுத்தவதான்.” இதைச் சொல்லும்போது அவள் கை தன் பின்னலைத் தொட்டுக்கொண்டிருந்தது. அன்று இரவு கொப்பியில் அந்தப் பெண்ணை எழுதினேன். பெயர் இல்லாத எழுவாய்.

அதற்குப் பிறகு பயிற்சிகள் வந்தன. உளவளத்துணை, மன ஆறுதல் என்று கிழமைக்கொரு பட்டறை. அமெரிக்காவில் ரொபர்ட் எமன்ஸ், மைக்கேல் மெக்கலோ என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வை ஒரு பட்டறையில் விளக்கினார்கள். மாணவர்களை மூன்று கூட்டமாகப் பிரித்துப் பத்து வாரம் எழுதவைத்திருக்கிறார்கள். ஒரு கூட்டம் நன்றிக்குரியவற்றை, ஒரு கூட்டம் எரிச்சலூட்டியவற்றை, ஒரு கூட்டம் வெறுமனே நடந்தவற்றை. முதற் கூட்டத்துக்கு உடல் உபாதைகள் குறைந்தன, உடற்பயிற்சி கூடியது. மார்ட்டின் செலிக்மன் குழுவின் 2005 ஆய்வில், ஒரு வாரம் இரவுதோறும் மூன்று நல்ல விடயங்களையும் அவற்றின் காரணத்தையும் எழுதியவர்களுக்கு ஆறு மாதம் கழித்தும் பலன் தெரிந்தது. சோன்யா லுபமிர்ஸ்கி கண்டதைக் கேட்டபோதுதான் நான் நிமிர்ந்து இருந்தேன். கிழமைக்கு மூன்றுமுறை எழுதியவர்களுக்குக் கிடைக்காத பலன் ஒருமுறை எழுதியவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. என் பதினொரு தேத்தண்ணி வரிகள் ஞாபகம் வந்தன.

எனக்கு ஆழமாக இறங்கியது ஜப்பான் முறை. யோஷிமோட்டோ இஷின் என்பவர் 1940களில் வகுத்த நைக்கான். ஒரு ஆளை மனதில் வைத்து மூன்று கேள்வி கேட்பது. அவரிடமிருந்து நான் பெற்றது என்ன? அவருக்கு நான் கொடுத்தது என்ன? அவருக்கு என்னால் வந்த தொந்தரவு என்ன? அவரால் எனக்கு வந்த தொந்தரவு என்று நாலாவது கேள்வி கிடையாது. வழக்கமாகத் தாயில் இருந்துதான் தொடங்குவார்களாம்.

வீட்டுக்கு வந்து கொப்பிகளை எடுத்து அம்மாவைத் தேடினேன். பதினேழு வருடக் கொப்பிகளில் அம்மா மூன்றே மூன்று தரம் வந்திருந்தார். அதில் ஒன்று அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது. நான் இரவு பகலாக ஆற்றுக்கு அக்கரையும் இக்கரையுமாக ஓடிய காலம் முழுக்க என் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தது அம்மா. ஏன் அவர் வரவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். வீட்டுப் பேச்சைக் கவனித்தால் தெரியும். சோறு இருந்தது. உடுப்புக் காய்ந்திருந்தது. பிள்ளைகள் சாப்பிட்டுப் படுத்திருந்தார்கள். ‘பட்டது’கூட இல்லை அங்கே, எல்லாம் தானாக இருக்கிறது, காய்கிறது, படுக்கிறது. அலுவலக மொழி எழுவாயை மறைத்தது என்று கோபப்பட்டவள், வீட்டு மொழி மறைத்ததைப் பார்க்கவே இல்லை. அம்மா அப்போது உயிரோடு இருந்தார், கண் பார்வை மங்கிப்போயிருந்தது. அந்த ஞாயிறு கொப்பியை எடுத்து அவருக்குப் பக்கத்தில் இருந்து மூன்றாவது கேள்விக்கு என் பதிலை வாசித்தேன். இரண்டு பக்கம். “இதெல்லாம் எழுதி வெச்சா படிக்கிறது?” என்று வெட்கப்பட்டார். கொஞ்ச நேரம் கழித்து, “மூத்தவனுக்குச் செங்கமாரி வந்தத விட்டுட்டாய்” என்றார். உண்மை. விட்டுவிட்டேன். எழுதிச் சேர்த்தேன்.

கொடுக்கிற கையும் ஒன்றைப் பழகவேண்டியிருந்தது. கிளினிக்கில் திரிபோஷா கொடுப்போம். 1973 முதல் இந்த நாட்டில் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்கிற சத்துமா. மாதத்துக்கு 750 கிராம் பைக்கற் இரண்டு. வாங்கிக்கொண்டு முகத்தைப் பார்க்காமல் போகிற பெண்களைக் கண்டால் ஆரம்பத்தில் எனக்கு மனம் சுண்டும். ஒரு சிரிப்புச் சிரித்தால் என்ன என்று இருக்கும். அது அவர்களுக்கு உரித்தானது, என் வீட்டுச் சாமான் அல்ல என்று புத்திக்குத் தெரியும். மனம் சிரிப்பைக் கேட்கும். வரிசையில் மூன்று மணி நேரம் நின்றவளிடம் நன்றியையும் கேட்டால் அது வரி அறவிடுவதுபோலத்தான். பின்னாளில் பைக்கற்றைக் கொடுக்கும்போது “கனநேரம் நிக்க வெச்சிட்டன்” என்று நானே சொல்லப் பழகினேன். சிலர் சிரித்தார்கள், சிலர் சிரிக்கவில்லை.

2014இல் மண்முனைப் பாலம் திறந்தது. இப்போது படுவான்கரையில் இருந்து ஆஸ்பத்திரிக்கு அம்புலன்ஸ் நேரே ஓடுகிறது. பாலத்தால் போகும் ஒவ்வொரு முறையும் வண்டியை மெதுவாக விடச் சொல்லி, பழைய துறை இருந்த பக்கம் பார்ப்பேன்.

2021இல் ஓய்வு பெற்றேன். இரண்டு வருடம் கழித்துக் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயில் தேருக்குப் போனபோது ஒரு பெண் வந்து என் கையைப் பிடித்தாள். பக்கத்தில் ஒன்பது வயதுபோல ஒரு மகள். “மிஸ், மழைக்குள்ள நீங்க எடுத்த புள்ள நான்தான். எங்கட அம்மா சாகுமட்டும் உங்களச் சொல்லுவா.”

முப்பத்தைந்து வருடம் அந்த வீட்டில் என் பெயர் மட்டும் இருந்திருக்கிறது.

மரத்தடியில் இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். நான் எடுக்கவில்லை, நான் காப்பாற்றவும் இல்லை. கையை ஊன்றியது யார், கம்பை ஊன்றியது யார், வானை ஓட்டியது யார் என்று ஒவ்வொன்றாக. அவள் வாய் திறக்காமல் கேட்டாள். கடைசியில் கேட்டாள்: “பெத்தாட பேர் என்ன மிஸ்?”

எனக்குத் தெரியவில்லை. என் முதல் கொப்பியின் முதல் பக்கத்தில், ஆளைக் குறிப்பிடாமல் எழுதக்கூடாது என்ற சட்டத்துக்கு மேலேயே, ‘பெத்தா’ என்றுதான் இருக்கிறது. நெல் காய்ந்த முற்றத்தில் அரைமணி நேரம் அவரோடு இருந்தும் நான் பெயரைக் கேட்கவில்லை.

தேடினோம். அவளும் நானுமாக. ஊரில் மூத்தவர்கள் எல்லாருக்கும் அவர் பெத்தா, மருத்துவிச்சி, இன்னாரின் தாய். அம்பிளாந்துறைப் பக்கம் ஒரு பேரன் இருக்கிறார் என்று மூன்றாவது நாள் அறிந்தோம். போனோம். அவர் காணி உறுதியோடு பொலித்தீன் உறையில் வைத்திருந்த மரணச் சான்றிதழை எடுத்துவந்தார். பழுப்பேறிய தாள், மடிப்பில் கிழிந்திருந்தது. பெயர் என்ற கட்டத்துக்குள் சாய்ந்த கையெழுத்தில் அது இருந்தது.

கொப்பியைக் கொண்டுபோயிருந்தேன். ‘பெத்தா’ என்ற சொல்லை வெட்டவில்லை, பக்கத்தில் எழுதினேன். அந்தப் பெண் கைத்தொலைபேசியில் படம் பிடித்தாள். பிறகு மகளைக் கூப்பிட்டு அந்தப் பெயரை வாசிக்கச் சொன்னாள். பழைய காலத்துப் பெயர், பிள்ளையின் நாக்கில் முதல் தரம் இடறியது. இரண்டாம் தரம் சரியாகச் சொன்னாள்.